மரகதன் குடிக்கமாட்டான்

ஐயா, இந்தக் காகிதக் கட்டைச் சற்று மடியில் வைத்துக்கொள்ள இயலுமா? மிக்க நன்றி. மேலே வைத்தால் விழும். கீழே வைத்தால் அந்த அம்மாளின் மீன்கூடை நீர் கசிகிறது. தங்கள் மடியே பத்திரமான இடம். அது என் நூலின் இரண்டாம் பதிப்புக்கான கைப்பிரதி. தஞ்சாவூர் அச்சகத்துக்கு எடுத்துச் செல்கிறேன். முதற்பதிப்பு முந்நூறு பிரதிகள். பதினேழு நாட்களில் ஒன்றுகூட மிச்சமில்லை! பதினேழே நாட்கள், ஐயா! நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நடந்தால் கால் தரையில் படுவதாகவும் தெரியவில்லை.

தாங்கள் தஞ்சை வரைதானே? நல்லது. "நீங்கள் பேச ஆரம்பித்தால் பக்கத்து இருக்கைக்காரர் திருவாரூரிலேயே இறங்கிவிடுகிறார்" என்று என் மனைவி பிலோமி கேலி செய்வாள். தங்கள் முகத்தைப் பார்த்தால் அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை.

என் பெயர் மரியசூசை. முப்பத்தொரு ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்தேன். நானும் வரைவேன். என் இயற்கைக் காட்சிகள் இரண்டு வங்கியிலும் ஒன்று பல் மருத்துவமனையிலும் தொங்குகின்றன. பல் வலிக்காரர்கள் அதைப் பார்த்து ஆறுதல் அடைவதாக மருத்துவரே சொன்னார். ஆயினும் நான் என்றும் நிலைக்கப்போவது வரைந்த படங்களால் அன்று, எழுதிய நூலால்தான். நாகப்பட்டினக் கடற்கரையில் படகுகளுக்கு வண்ணம் தீட்டும் ஓவியர்கள் பத்தொன்பது பேரின் வாழ்க்கை வரலாறு! இதுவரை எவரும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? எவருக்கும் தோன்றவில்லை. எனக்கு மட்டும் எப்படித் தோன்றியது? அங்கேதான் டச்சுப் பெரியவர் வருகிறார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஹாலந்து நாட்டிலிருந்து ஓர் ஆய்வாளர் அம்மையார் நாகைக்கு வந்தார். டச்சுக்காரர்களின் பழைய கல்லறை எழுத்துகளைப் படியெடுக்க வந்தவர். தமிழும் கொஞ்சம் பேசுவார். நான் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். ஒரு நாள் தேநீர் அருந்துகையில் சொன்னார்: முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அவருடைய நாட்டில் ஓவியர் ஒருவர் இருந்தாராம். படங்கள் வரைந்தார், மாணவர்களை வளர்த்தார். கடைசிக் காலத்தில் தூரிகையை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்து, தம் நாட்டு ஆண், பெண் ஓவியர்கள் அனைவரின் வரலாற்றையும் மூன்று பாகங்களாக எழுதினார். மூன்றாம் பாகம் வெளிவருமுன் இறந்துபோனார். அவர் மனைவிதான் அதை வெளியிட்டார். அந்த ஓவியரின் பெயரையும் அம்மையார் சொன்னார். என் நாக்கு அதை இருமல் இல்லாமல் உச்சரிப்பதில்லை. ஆகவே நான் அவரைப் பெரியவர் என்றே குறிப்பிடுவேன்.

அம்மையார் மேலும் சொன்னது இது: "அவர் இல்லையென்றால் பல ஓவியர்களின் பெயரே எங்களுக்குத் தெரியாது. ஆனால் படத்தைப் பார்த்தே ஆளை முடிவு செய்துவிடுவார். மதுக்கடையை வரைந்தவனைக் குடிகாரன் என்று எழுதினார். அந்தப் பழி நீங்க இருநூறு வருஷம் ஆயிற்று, சார்."

இருநூறு வருஷம்! ஐயா, எண்ணிப் பாருங்கள். ஒரு மனிதர் எழுதிய ஒரு வரி இருநூறு வருஷம் அசையாமல் நிற்கிறது! நாம் கட்டும் பாலங்கள் நிற்கின்றனவா? அன்றே நான் முடிவு செய்தேன். பெரியவரின் வழியே என் வழி: படத்தைப் பார், மனிதன் தெரிவான். அதோடு நான் ஒன்று சேர்த்தேன். ஒவ்வொரு வரலாற்றின் முடிவிலும் "ஆகவே, இளைஞர்களே" என்று தொடங்கி ஓர் அறிவுரை. அறிவுரை இல்லாத வரலாறு மூடியில்லாத வண்ணக்குவளை, ஐயா. திறந்தே கிடந்தால் காய்ந்து போகும். மூடினால்தான் அடுத்தவனுக்குப் பயன்படும்.

சரி, மீன்பிடித் தடைக்காலம் தங்களுக்குத் தெரியுமல்லவா? ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த இரண்டு மாதங்களில்தான் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், வண்ணம் தீட்டுவார்கள். முன்முனையில், அணியம் என்பார்கள், அங்கே மீனோ புலியோ தாமரையோ எழுதி, ஓரத்தில் ஓவியன் கையெழுத்திடுவான். எனக்கு அது கண்காட்சிச் சாலை. காலையில் குல்லாவும் குறிப்பேடுமாகக் கிளம்பிவிடுவேன்.

எங்கள் பக்கத்தில் வடகுப்பம், தென்குப்பம் என்று இரண்டு ஊர்கள். நடுவே ஒரு வாய்க்கால். வடகுப்பத்துப் படகைத் தொட்ட கை தென்குப்பத்துப் படகைத் தொடக்கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. தொட்டால் ஓர் ஊரின் மீன்பாடு கையோடு மற்ற ஊருக்குப் போய்விடுமாம். மூடநம்பிக்கைதான். ஆனால் ஆராய்ச்சியாளனுக்கு எவ்வளவு வசதி! வடகுப்பத்துப் படகுகளில் வைத்தியலிங்கம் என்ற கையெழுத்து. தென்குப்பத்துப் படகுகளில் மரகதன் என்ற கையெழுத்து. இருவரும் வேறு வேறு ஆட்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

வேலையும் வேறு வேறு. வைத்தியலிங்கத்தின் கோடு அளவுகோல் வைத்தது போல நேராக இருக்கும். செதிலுக்குச் செதில் சமம். அதைப் பார்த்த மாத்திரத்தில் நான் எழுதினேன்: இவர் அதிகாலை நான்கு மணிக்கு எழுபவர், பச்சைத் தண்ணீரில் குளிப்பவர், மனைவியிடம் குரலை உயர்த்தாதவர். மரகதனின் கோடோ நடுங்கும். மீன் வாலைச் சுழற்றிக்கொண்டு பலகையை விட்டே வெளியேறப் பார்க்கும். புலிக்கு ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது; ஆனால் நாம் நகர்ந்தால் அதுவும் நம்மைப் பார்க்கும். பார்த்ததும் எனக்கு வாடை அடித்தது, ஐயா. சாராய வாடை! நேராக ஒரு கோடு போட முடியாதவன் எப்படி இருப்பான்? நான் மரகதனைப் பார்த்ததில்லை. பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை. டச்சுப் பெரியவர் தாம் எழுதியவர்கள் அத்தனை பேரையும் நேரிலா பார்த்தார்?

இந்த ஆண்டு மரகதனின் கையெழுத்து ஒரு படகிலும் இல்லை. தென்குப்பத்துப் படகுகள் ஓவியமே இல்லாமல் வெறும் நீலமாக நின்றன. சிலிர்த்துவிட்டேன். இறந்துவிட்டான்! குடிகாரன், அதுவும் கடலோரத்துக் குடிகாரன், வேறெப்படி இறப்பான்? வீட்டுக்கு ஓடிவந்து நாற்பத்தேழாம் பக்கத்தை ஒரே மூச்சில் எழுதினேன்: "மரகதன் குடித்துக் குடித்துக் கை நடுங்கி, ஒரு நாள் தான் தீட்டிய படகின் அணியத்திலிருந்தே தவறி விழுந்து கடலில் மறைந்தான்." எழுதிவிட்டு அழுதேன். பிலோமி வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள். மரகதன் இறந்துவிட்டான் என்றேன். "யாரு சொன்னா?" என்றாள். கலையறிவில்லாதவர்களுக்கு எதையும் யாராவது சொல்லியாக வேண்டும்.

வைத்தியலிங்கம் நாற்பத்தாறாம் பக்கம், மரகதன் நாற்பத்தேழாம் பக்கம். எதிரெதிராக அச்சிடச் சொன்னேன். புத்தகத்தைத் திறந்தால் இடப்பக்கம் சொர்க்கம், வலப்பக்கம் நரகம். எந்த இளைஞன் திருந்தாமல் போவான்?

வெளியீட்டு விழாவைத் தடைக்காலத்தின் கடைசி ஞாயிறன்று பள்ளி மண்டபத்தில் வைத்தேன். மீனவர்கள் கரையில் இருக்கும் கடைசி ஞாயிறு. முதற்பிரதியைப் பெற்றுக்கொள்ள வைத்தியலிங்கத்தை அழைத்து, அழைப்பிதழோடு ஒரு பிரதியும் அனுப்பியிருந்தேன். விழாவுக்கு மூன்று நாள் முன்பு அவரே என் வீட்டுக்கு வந்தார். அதுதான் நாங்கள் முகத்துக்கு முகம் பார்த்தது முதல் முறை. ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான மனிதர், நகக்கண்ணில் நீலம். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"சார், புத்தகம் படிச்சேன்" என்றார்.

"மகிழ்ச்சி. தங்களைப் பற்றி எழுதியது போதுமா?"

"அது இருக்கட்டும் சார். நாலு மணிக்கு எழுந்திருக்கிறதா போட்டிருக்கீங்க. எட்டு மணிக்கு என் வீட்டுக்காரி தண்ணி தெளிச்சாத்தான் நான் எழுந்திருப்பேன். அது கெடக்குது. எதிர்ப்பக்கம்தான் சார்... மரகதன் குடிக்கமாட்டான்."

எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள்! போட்டியாளனுக்காகப் பரிந்து பேசுகிறார். "தாங்கள் அவனைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"தெனமும் கண்ணாடியில பார்க்கிறேன் சார்."

ஐயா, எனக்கு மெய்சிலிர்த்தது. வீழ்ந்த சகோதரனைத் தன் கண்ணாடியில் காண்கிற மனிதர்! அந்த வாக்கியத்தை உடனே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அவர் மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எழுதும்போது குறுக்கே பேசவேண்டாம் என்று கையமர்த்தினேன்.

"சார், என் மக தமயந்திக்குக் கல்யாணம் வச்சிருக்கு. ஆனி மாசம். மாப்பிள்ளை தென்குப்பம், படகுக்கார நாகூரான் மகன். நாகூரான் உங்க புத்தகத்தைப் பார்த்துட்டுக் கல்யாணத்தை நிறுத்துறேன்கிறார். குடிகாரன் வீட்டுல பொண்ணு எடுத்தோம்னு நாளைக்கு எவனும் சொல்லக்கூடாதாம். அந்த ஒரு வரியை எடுத்துடுங்க சார். கல்யாணமே அதுலதான் நிக்குது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மரகதன் குடித்ததற்கும் இவர் மகளின் திருமணத்துக்கும் என்ன தொடர்பு? மகளுக்குத் திருமணம் என்றால் தகப்பன்மார் பதற்றத்தில் எதையாவது பேசுவார்கள். நான் அன்போடு அறிவுரை கூறினேன்: "வைத்தியலிங்கம், அச்சான வரி அச்சானதுதான். மரகதனின் வீழ்ச்சியை நீக்கினால் தங்கள் உயர்வு எடுபடாது. கறுப்பு இல்லாமல் வெள்ளை ஏது?" பிலோமி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் இடது கையால் வாங்கினார். அவள் அந்தக் கையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு, "ஏங்க, அவர் சொல்றதைக் கொஞ்சம் காது குடுத்துத்தான் கேளுங்களேன்" என்றாள். கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்!

விழா நாள் வந்தது. ஐயா, அந்தக் கூட்டத்தை என்னென்பேன்! வடகுப்பத்தார் இடப்பக்கம், தென்குப்பத்தார் வலப்பக்கம். நடுவே நடைபாதை வாய்க்கால் போல. இலக்கிய விழாவுக்கு நானூறு பேர்! என் எழுத்தின் ஈர்ப்பு என்று எண்ணிக் கண் கலங்கினேன். நாற்பத்தாறாம் பக்கத்தை வாசித்தேன். வடகுப்பத்தில் ஒரு சிரிப்பு. நாற்பத்தேழாம் பக்கத்தைத் தொடங்கினேன். "கை நடுங்கி" என்பது வரைதான் வந்தேன்.

முன்வரிசையிலிருந்து ஒரு பெருத்த மனிதர் எழுந்தார். நாகூரான். குரல் கடலில் படகுக்குப் படகு கூப்பிடுகிற குரல்.

"வாத்தியாரே! நிறுத்துங்க. எங்க மரகதன் குடிச்சதை யார் பார்த்தா?"

"ஐயா, கலை சாட்சி சொல்கிறது" என்றேன்.

"கலை இங்க வந்து சொல்லட்டும்!"

"கோடு நடுங்குகிறதே!"

"எடது கையால போட்டா நடுங்காதா?"

மண்டபம் முழுவதும் சிரித்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில்! எனக்கு மட்டும் ஏனென்று தெரியவில்லை. அப்போது வைத்தியலிங்கம் மேடையில் என் பக்கத்திலிருந்து எழுந்தார். நான் மேற்கோள்கள் எழுத வைத்திருந்த கரும்பலகையை நோக்கி நடந்தார். இரண்டு சுண்ணக்கட்டிகளை எடுத்தார், கைக்கு ஒன்று. வலது கை ஒரு மீனைத் தொடங்கியது. அதே கணத்தில் இடது கை இன்னொரு மீனைத் தொடங்கியது. ஐயா, இரண்டு கையும் ஒரே நேரத்தில்! வலக்கை மீன் செதிலுக்குச் செதில் சமமாக, பாடப்புத்தகம் போல. இடக்கை மீன் வாலைச் சுழற்றிக்கொண்டு பலகையை விட்டுத் துள்ளப் பார்த்தது. இரண்டும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. ஒன்றின் கீழ் வைத்தியலிங்கம் என்றும் மற்றதன் கீழ் மரகதன் என்றும் எழுதி, சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, "எல்லாரும் மன்னிக்கணும்" என்றார்.

"மன்னிக்கிறதா? எங்களுக்குத் தெரியாதா வைத்தி?" என்றது வடகுப்பம். "வாத்தியாருக்குத்தான்டா இப்பத் தெரியுது!" என்றது தென்குப்பம். பிறகு யார் சொன்னார்கள், எதைச் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது. விசில், கைதட்டல், ஒரு பெண்மணி சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்தே சரிந்துவிட்டாள்.

விவரம் இதுதான். இருபது ஆண்டுகளுக்கு முன் நல்ல ஓவியர் ஒருவரே கிடைத்தபோது இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தும் கூடி முடிவெடுத்ததாம்: கட்டுப்பாடு கையைப் பற்றியதே தவிர ஆளைப் பற்றியது அன்று. வலது கை வடக்குக்கு, இடது கை தெற்குக்கு. கைக்கு ஒரு பெயர் இருக்கட்டும் என்று மரகதன் என்று வைத்தார்கள். இந்த ஆண்டு திருமணப் பேச்சு நடந்ததால், சம்பந்தம் முடிந்தால் இரண்டு ஊரும் ஒரே குடும்பம், இனி வலது கையே தெற்குக்கும் வரலாம் என்று ஓவியத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். வயதானவர் முதல் பால்குடிக் குழந்தை வரை எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் ஐயா, தெரிந்த ஒருவராவது அதை எழுதினாரா? நான்தானே எழுதினேன்!

அதற்குள் மண்டபத்தில் வேறு சண்டை. "எங்களுக்கு வலது கை! சோறு உண்ணுற கை!" என்றான் வடகுப்பத்தான் ஒருவன். "போடா, எங்க மீனைப் பாரு, உசுரோட இருக்கு! உங்க மீன் ஐஸ்ல வச்ச மீனு!" என்றான் தென்குப்பத்தான். நான் ஒலிபெருக்கியைப் பிடித்து, "இரு கைகளும் ஒரே உடலின் உறுப்புகள், அன்பர்களே" என்று ஓர் உவமையைத் தொடங்கினேன். "அதைத்தான் வாத்தியாரே நாங்களும் சொல்றோம்!" என்று கத்தினார்கள்.

நாகூரான் மேடைக்கு வந்தார். சிரித்துக் கண் துடைத்திருந்தார். ஆனால் பேச்சில் சிரிப்பில்லை. "சம்பந்தி, ஊருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆனா இது அச்சு. என் பேரப்பிள்ளை நாளைக்குப் படிப்பான். தாத்தன் குடிகாரன்னு இருக்கலாமா? ஒரு புத்தகத்துல அந்த வரி இருந்தாலும் தாலி ஏறாது."

வைத்தியலிங்கம் என்னைப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால் நான் வாதாடியிருப்பேன், ஐயா. அவர் வெறுமனே பார்த்தார். முந்நூறு பிரதிகளையும் எரிக்கச் சொல்வாரோ என்று அஞ்சினேன். பின்வரிசையிலிருந்து பிலோமியின் குரல் கேட்டது: "எரிக்க வேண்டாம்ங்க. அடிச்சிடலாம். பேனாவால ஒரு கோடு. யார் மேல பழி விழுந்துச்சோ அவங்க கையே அடிக்கட்டும்."

நாகூரான் தலையாட்டினார். "எடது கையால" என்றார். "சரி" என்றார் வைத்தியலிங்கம்.

அப்புறம்தான் ஐயா, என் வாழ்வின் பொற்காலம்! திருமணத்துக்குப் பதினாறு நாள். தினமும் எட்டரை மணிக்கு வைத்தியலிங்கம் என் வீட்டுக் கூடத்தில் வந்து உட்காருவார். நான் நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து நீட்டுவேன். அவர் இடது கையால் "குடித்துக் குடித்துக் கை நடுங்கி" என்பதன் மேல் ஒரு கோடு இழுப்பார். பிலோமி ஊதி ஊதி மை உலர்த்துவாள். ஒரே கோடு இழுத்தால் சலிப்பாக இருக்கிறதென்று மூன்றாம் நாளிலிருந்து அவர் கோட்டையே மீனாக்கத் தொடங்கினார். ஒன்றில் கெண்டை, ஒன்றில் சுறா, ஒன்றில் கண்ணைச் சிமிட்டும் இறால். தென்குப்பத்தார் வாசலில் வந்து நின்று, "எனக்குத் திருக்கை போட்டது குடுங்க" என்று வாங்கிப் போனார்கள். பின்னாலேயே வடகுப்பத்தாரும் வந்தார்கள். எங்களுக்கு மட்டும் இடது கை மீன் வேண்டாமா என்று சண்டை! வாங்கியவர்கள் எல்லோரும் நாற்பத்தேழாம் பக்கத்தைத்தான் திறக்கிறார்கள்; சிலர் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். மற்ற பக்கங்களை வீட்டில் ஆறுதலாகப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

அவரோடு நிறையப் பேசினேன். டச்சுப் பெரியவரைப் பற்றிச் சொன்னேன். "அந்தக் குடிகாரர்னு எழுதப்பட்டவருக்கு மக இருந்திருக்குமா சார்?" என்று கேட்டார். அம்மையாரிடம் நான் அதைக் கேட்கவில்லை. அது ஆராய்ச்சிக்குத் தேவையில்லாத விவரம்.

திருமணத்துக்கு முந்தின நாள் பிற்பகல். கடைசிப் பிரதி. கூடத்தில் நாங்கள் மூவர்தான். அவர் குடியை அடித்தார். இம்முறை மீன் இல்லை, நேரான ஒரே கோடு. நடுங்காத கோடு! பதினைந்தே நாளில் இடக்கை எவ்வளவு தேறிவிட்டது பாருங்கள் என்று பாராட்டினேன். அவர் பேனாவை மூடவில்லை. மிச்சமிருந்த வரியை விரலால் தொட்டு மெல்லப் படித்தார்: "மரகதன் ஒரு நாள் தான் தீட்டிய படகின் அணியத்திலிருந்தே தவறி விழுந்து கடலில் மறைந்தான்."

"அதையும் அடித்துவிடுங்கள், வைத்தியலிங்கம்" என்றேன். பெருந்தன்மையில் நான் மட்டும் குறைந்தவனா? "எல்லாப் பிரதியிலும் அதை விட்டுவிட்டோம். வேண்டுமானால் திரும்ப வாங்கித் திருத்துவோம்."

"வேண்டாம் சார்" என்றார். இடது கையை மடியில் வைத்து வலது கையால் மெல்லப் பிடித்துவிட்டுக்கொண்டார். "நாளைக்குக் கல்யாணம். சம்பந்தி படகுக்கு இனிமே வலது கையே போகலாம். இவனுக்கு இனி என்ன வேலை? இருபது வருஷம் உழைச்சான். குடிக்காம, யாரையும் ஏமாத்தாம உழைச்சான். போகட்டும் சார். கடல்லேயே போகட்டும்."

அவர் கண்ணில் நீர் வந்தது. பிலோமி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். என் வாக்கியத்தின் வலிமை அப்படிப்பட்டது, ஐயா. படித்தவர்கள் யாரும் தாங்கமாட்டார்கள்.

மறுநாள் திருமணம் சிறப்பாக நடந்தது. நாகூரானே எனக்கு இலையில் பரிமாறினார். இரண்டாம் பதிப்பில் குடி இல்லை. நானே நீக்கிவிட்டேன், தங்கள் மடியில் இருக்கிறது, பிரித்துப் பாருங்கள். மற்றதெல்லாம் முன்போலவே இருக்கிறது. யாரும் வந்து சொல்லாமல், ஓவியம் இல்லாத நீலப் பலகைகளை மட்டும் பார்த்து, மரகதன் மறைந்தான் என்று நான் எழுதினேன். ஊரே சிரித்தது. இப்போது அந்த மனிதரே ஒப்புக்கொண்டுவிட்டார், பார்த்தீர்களா? மரணத்தைப் பொறுத்தவரை நான் எழுதியது சரியாகத்தான் இருந்தது.